பத்திலிருந்து அளந்தவர்

இங்வே சாண்டால் முப்பத்தெட்டு வருடம் காகித ஆலையில் தாளின் கனத்தை அளந்தார். ஓய்வு பெற்றபின் மீனின் நீளத்தை அளக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சனி ஞாயிறுதான் சும்மா இருந்தார் என்று அவருடைய நண்பர் ஏகோன் சொல்வதுண்டு. இங்வேயின் குறிப்பேட்டின்படி அது பதினோரு நாள்.

நோர்ஷோப்பிங் நகரத்தைப் பிளந்துகொண்டு போகும் மோட்டாலா ஆற்றில், கயாக் என்ற ஒற்றையாள் படகில் உட்கார்ந்து ரப்பர் பொய்மீன் வீசி யெட்டா பிடிப்பவர்கள் இருபத்து மூன்று பேர் ஒரு சங்கமாக இருந்தார்கள். யெட்டா என்பது வாத்து மூக்கும் வாய் நிறையப் பல்லும் கொண்ட நீள மீன். பிடித்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. மடியில் அளவுப் பலகையை வைத்து, மீனை அதில் கிடத்தி, ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். மீன் போய்விடும். மிஞ்சுவது படமும் பிடித்தவரின் வாய்ச்சொல்லும்தான். வாய்ச்சொல்லை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. படத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா, அவர்தான் இங்வே.

விதிகள் நான்கு. மீனின் வாய் மூடியிருக்க வேண்டும். மூக்கு பலகையின் தலைப்பில் உள்ள முட்டுக்கட்டையைத் தொட வேண்டும். வால் இயல்பாகக் கிடக்க வேண்டும். அன்றைய தேதி எழுதிய சீட்டு படத்தில் தெரிய வேண்டும். 2016இல் ஒருவன் தன் பலகையில் நாற்பதுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவே வெட்டி எடுத்து ஒட்டியிருந்ததை இங்வே கண்டுபிடித்தார். அவன் அந்த வாரமே சங்கத்தை விட்டுப் போனான். அதிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லோருடைய பலகையையும் இங்வே எஃகு டேப்பால் அளந்து பார்ப்பார். டேப்பின் நுனிக் கொக்கி ஆடும், அதை நம்பக்கூடாது என்பது ஆலையில் கற்ற பாடம். ஆகவே டேப்பின் பத்தைப் பலகையின் பத்தில் வைத்து அங்கிருந்துதான் தொடங்குவார். வாழ்நாளில் அவர் எதையும் பூஜ்யத்திலிருந்து அளந்ததில்லை.

படகுக் கொட்டகையின் சுவரில் வெள்ளை வண்ணம் பூசிய ஒரு நீளப் பலகை தொங்கியது. சங்கத்தில் இதுவரை பிடித்த மிக நீளமான யெட்டாக்களின் பட்டியல் அது. முதல் வரி: 112 செ.மீ., இங்வே சாண்டால், 2 அக்டோபர் 2021. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த மீனின் படம். இங்வே தன் வீட்டில் இரண்டாவது பிள்ளை. ஆலையில் கடைசிவரை இரண்டாம் நிலை அளவர். மனைவி சோல்வெய்க்கு இரண்டாவது கணவர். அவருடைய பெயர் முதலில் நின்ற இடம் உலகத்தில் அந்தச் சுவர் ஒன்றுதான். கொட்டகைக்குள் நுழையும்போது அதைப் பார்க்காததுபோல் பார்ப்பார்.

2023 செப்டம்பர் 21, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்கு அவருடைய தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் யானிக்கே ரூஸ். டிராம் ஓட்டுபவள், நாற்பத்து மூன்று வயது. அந்த ஏப்ரலில்தான் சேர்ந்தாள். படத்தில் ஒரு யெட்டா, 110.5. கீழே ஒரே வரி: "பதினொன்று இருபத்தைந்து. துறைமுகப் பாலம்."

யானிக்கே மீது இங்வேக்கு ஏற்கெனவே நம்பிக்கை இல்லை. சேர்ந்து ஐந்து மாதத்துக்குள் 98, 101, 103.5 என்று அனுப்பியவள். எந்தப் பொய்மீன் என்று கேட்டால், "கறுப்பு" என்பாள். எவ்வளவு ஆழம் என்றால், "பாலத்துக்குத் தக்கபடி" என்பாள். வடக்கே இருந்து வந்தவள். ஆமாம் என்பதற்குப் பதிலாக அந்தப் பக்கத்து வழக்கப்படி மூச்சை 'ஷுப்' என்று உள்ளே இழுப்பாள். மூச்சை இழுத்தவளிடம் பிறகு 'நீதானே சொன்னாய்' என்று எப்படிக் கேட்பது? இங்வே அதையும் சந்தேகத்தில்தான் சேர்த்திருந்தார்.

படத்தை அச்சடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். வாய் மூடியிருந்தது. மூக்கு தொட்டிருந்தது. சீட்டும் இருந்தது. ஆனால் வாலின் மேல் மடலில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தது. அதை எங்கோ பார்த்த ஞாபகம். இங்வே குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சுவரிலிருந்து தன் படத்தை இறக்கினார். அந்த மீனுக்கும் அதே பிறை. யெட்டாவின் விலாவில் உள்ள வெளிர்ப் புள்ளிகள் மனிதனின் கைரேகை மாதிரி, ஒன்றுக்கிருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. செவிளிலிருந்து துடுப்பு வரை எண்ணினார். இரண்டு படத்திலும் நாற்பத்தேழு. நடு வரிசையில் மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு அவரைக்கொட்டை போலக் கிடந்தன, இரண்டிலும்.

ஒரே மீன். இரண்டு வருடம் முன்பு 112 இருந்தது, இன்று 110.5.

மீன் வளரும். வளர்வதை நிறுத்தவும் செய்யும். குறுகாது. அப்படியானால் யானிக்கே ரூஸ் அந்த மீனைத் தொடவே இல்லை. சுவரில் தொங்கும் இங்வேயின் படத்தைத்தான் எடுத்துக் கணினியில் வேலை பார்த்திருக்கிறாள். அவர் மீனையே திருடியிருக்கிறாள்.

மறுநாள் ஏகோனைக் காப்பிக்குக் கூப்பிட்டார். ஏகோன் ஓய்வு பெற்ற முடிதிருத்துபவர். ஒருவர் பேசும்போது அவருடைய தலையைத்தான் பார்ப்பார். இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இரண்டு படத்தையும் பார்த்தார்.

"ஒரே மீன்தான். அதுல சந்தேகமில்ல. சரி, அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? மீன் எப்படிய்யா சுருங்கும்?"

"என்னைப் பாரு. மூணு சென்டிமீட்டர் சுருங்கிட்டேன்."

"ஏகோன், விளையாடாத. இது திருட்டுப் படம்."

"திருடுறவ உன் மீனைவிடச் சின்னதாவா போடுவா? நூத்திப் பதிமூணுன்னு போட்டுட்டுப் போக மாட்டாளா?"

"அங்கதான் இருக்கு தந்திரம். முதல் இடத்துக்கு வந்தா எல்லாரும் உத்துப் பாப்பாங்க. ரெண்டாவது இடத்த யாரும் பாக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதா?"

ஏகோன் ரொட்டியை மென்றார். "எனக்கு ஒரு தொண்ணூத்தெட்டு இருந்துச்சு. வாய் திறந்திருக்குன்னு தள்ளிட்ட. ஞாபகம் இருக்கா?"

"அரை சென்டிமீட்டர் திறந்திருந்துச்சு."

"ஆவ்னு சொல்லிட்டு இருந்திருக்கும் பாவம். உன்னப் பாத்துருக்கும்."

அக்டோபர் 14ஆம் தேதி சங்கத்தின் இலையுதிர்காலக் கூட்டம். இந்த 110.5 செல்லும் என்றால் யானிக்கே அந்த வருடத்துக்கு முதல் ஆள். செல்லாது என்று இங்வே நிரூபித்தால் அவள் 2016இல் போனவன் போன வழியில் போக வேண்டியதுதான். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியை வெளியே அனுப்பும் ஆளில்லை இங்வே. ஆதாரம் தேடினார்.

முதலில் அவளுடைய வேலை நேரம். டிராம் ஓட்டுகிறவள் வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபத்தைந்துக்கு ஆற்றில் எப்படி இருக்க முடியும்? இங்வே மூன்று நாள் அவளுடைய வண்டியில் ஏறினார். கடைசி இருக்கையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி என்று எழுதினார். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது ஐம்பதுவரை ஓட்டுவாள். பிறகு பிற்பகல் ஒன்றே முக்காலுக்குத்தான் திரும்புவாள். நடுவில் நாலு மணி நேரம் சும்மா. இது அவளுக்குச் சாதகமாக இருந்தது. இங்வே அதையும் நேர்மையாக எழுதிக்கொண்டார், ஆனால் சின்ன எழுத்தில்.

இனி அவளுடைய பலகை ஒன்றுதான் பாக்கி. ஏப்ரலில் சரியாக இருந்த பலகை செப்டம்பரிலும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது?

அக்டோபர் 7, சனிக்கிழமை. காற்று மேற்கிலிருந்து. தண்ணீரின் சூடு பதினொன்றரை டிகிரி. காலை எட்டே காலுக்கு இங்வே தன் சாம்பல் கயாக்கைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். துறைமுகப் பாலத்தின் மூன்றாவது தூணருகே ஒரு சிவப்புக் கயாக் நின்றது. யானிக்கேதான். தூணை ஒட்டிக் கறுப்புப் பொய்மீனை வீசி, அது மூழ்கும்வரை உதட்டால் எண்ணி, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள். பாலத்தின் மேல் லாரிகள் போகும் அதிர்வில் தண்ணீர் சிலிர்த்தது. 2021இல் இங்வே மீன் பிடித்ததும் இதே தூணின் இதே பக்கம். படத்தைத் திருடியவள் இடத்தையும் திருடிவிட்டாள் என்று நினைத்தார்.

அந்த நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். அதனால் யானிக்கே தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

"என்ன இங்வே, இன்னிக்கு டிராம்ல போகலையா?"

இங்வே துடுப்பை நிறுத்தினார். "எந்த டிராம்?"

"என் டிராம். மூணு நாளா கடைசி சீட்டு. ஏறின இடத்துலயே திரும்ப வந்து இறங்குன. வீட்ல சண்டையோன்னு நினைச்சேன்."

"உன் பலகையப் பாக்கணும்."

அவள் ரீலைச் சுற்றி முடித்துக் கோலை வைத்துவிட்டு அப்போதுதான் அவரைப் பார்த்தாள். "கூட்டத்துக்கு முன்னாடியா?"

"கூட்டத்துக்கு முன்னாடிதான். நீ அனுப்புன மீன் என் மீன். புள்ளி நாப்பத்தேழு. வால்ல பிறை. நான் பிடிச்சப்போ நூத்திப் பன்னண்டு. மீன் சுருங்காது, யானிக்கே. நீ அத எங்க பிடிச்ச? ஆத்துலயா, சுவத்துலயா?"

சொன்ன பிறகு அவருக்கே அது உரக்கக் கேட்டது. பாலத்துக்கடியில் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்கும்.

யானிக்கே கோபப்படவில்லை. இங்வேக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. அவள் கயாக்கை அருகே கொண்டுவந்து, அவருடைய கயாக்கின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் பலகையை அவர் மடியில் வைத்தாள்.

"அள."

இங்வே டேப்பை எடுத்தார். பத்தைப் பத்தில் வைத்தார். இருபது, நாற்பது, எண்பது, நூறு. மயிரிழை பிசகவில்லை. நடுவில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. தலைப்பைத் தடவிப் பார்த்தார். முட்டுக்கட்டை வாங்கியபோது இருந்தபடியே இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றார். சொல்லும்போது பல்லிடுக்கில் மணல் மாதிரி இருந்தது.

"இப்போ உன்னோடத குடு."

"என்னோடதா? என்னோடத வருஷா வருஷம் நான் அளக்குறேன்."

"நீதான் அளக்குற. ஒரு தடவ நான் அளக்குறேனே."

அவர் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. யானிக்கே டேப்பின் கொக்கியை முட்டுக்கட்டையின் உள்முகத்தில் வைத்து நூறுவரை இழுத்தாள்.

"நூறுல தொண்ணூத்தேழரை காட்டுது."

"கொக்கி ஆடும். யாரும் கொக்கியிலேருந்து அளக்க மாட்டாங்க. பத்துலேருந்து ஆரம்பிக்கணும்."

"சரி, பத்துலேருந்தே வெக்கிறேன்." டேப்பின் பத்தைக் கொண்டுபோய்ப் பலகையின் பத்தில் வைக்காமல் முட்டுக்கட்டையில் வைத்தாள். "இங்கதானே மூக்கு இருக்கும்? இப்போ பலகையோட நூறுக்கு நேரா என்ன வரணும்?"

"நூத்திப் பத்து."

"என்ன வருதுன்னு நீயே பாரு."

இங்வே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நூற்றேழரை.

அவர் பலகையை வாங்கிப் பார்த்தார். 2020 ஜனவரிக் குளிரில் கொட்டகையில் கிடந்து பலகையின் தலைப்பு விரிசல் விட்டு, முட்டுக்கட்டை உடைந்துபோனது. இங்வே ஓக் மரத்தில் புதிதாக ஒன்று செதுக்கினார். இரண்டரை சென்டிமீட்டர் கனம், நான்கு திருகாணி, பசை. விளிம்பில் விரிசல் இருந்ததால் திருகாணி பிடிக்காது என்று கட்டையைப் பலகையின் மேலேயே ஏற்றி வைத்தார். நல்ல வேலைப்பாடு. அன்று அதைப் பெருமையோடு குறிப்பேட்டில் எழுதியதும் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டைக்கு அடியில் பூஜ்யமும் ஒன்றும் இரண்டும் போயிருந்தன. வெளியே தெரிந்த முதல் எண் மூன்று. நாலு வருடமாக அந்த மூன்று அவர் மடியில் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எப்போதும் பத்திலிருந்துதான் பார்த்தார்.

இரண்டு கயாக்கும் ஒட்டியபடி நீரோட்டத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. பாலம் பின்னால் போய்விட்டது. இங்வேயின் உதடு அசைந்தது. நூற்றுப் பன்னிரண்டில் இரண்டரை போனால் நூற்றொன்பதரை. இரண்டு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து நூற்றுப் பத்தரை. அவ்வளவு வயதான மீனுக்குச் சரியான வளர்ச்சி. எல்லாம் பொருந்தியது. ஆலையில் இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய கணக்கு அவருக்கு ஒன்றோ இரண்டோதான்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

"ஏப்ரல்ல. சேர்ந்த அன்னிக்கு. சுவத்துல படத்தப் பாத்தேன். மீனு மூணுலேருந்து ஆரம்பிக்குது."

"ஏன் சொல்லல?"

"நானே புதுசு. அளக்குறவரோட படம். கண்ணாடி போட்டு மாட்டிருக்கு. ஊருக்கு ஊரு ஒரு வழக்கம், இங்க மூணுலேருந்து அளப்பாங்க போலன்னு நினைச்சேன்." டேப்பை அவரிடம் நீட்டியபடி சொன்னாள்: "அப்புறம் பாத்தா நீ ஏகோனோட அரை சென்டிமீட்டரையே தள்ளுற ஆளு. அன்னிலேருந்து எனக்கு உன் மேல சந்தேகம். வேணும்னு பண்றியோன்னு."

இங்வே நிமிர்ந்து பார்த்தார். அவர் டிராமில் அவளைக் கவனித்தபடி இருந்த அதே வேளையில் அவளும் வண்டியின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவரைக் கவனித்தபடி இருந்திருக்கிறாள்.

"வேணும்னு பண்ணல" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மூச்சை 'ஷுப்' என்று உள்ளே இழுத்தாள்.

வீட்டுக்குப் போய் இங்வே குறிப்பேடுகளை எடுத்தார். கட்டை மாற்றிய பிறகு பிடித்த மீன்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் ஒரு கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி வைத்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதினார். சோல்வெய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, எல்லா மீனுக்கும் உடம்பு இளைச்சிருச்சா?"

"என் பலகை தப்பு."

அவள் போய்க் காப்பி வைத்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. அன்று பிற்பகல் இங்வே சமையலறைத் தராசையும் சுவர்க் கடிகாரத்தையும் குளியலறை வெப்பமானியையும் சோதித்தார். மூன்றும் சரியாக இருந்தன. அவருக்கு முழுத் திருப்தி வரவில்லை.

ஒரு வாரம் இருந்தது. படத்தை இறக்கிவிட்டுச் சட்டம் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். யானிக்கேயின் மீனை அப்படியே ஏற்றுக்கொண்டு, முதல் வரியை விட்டுவிடலாம். இரண்டும் ஒரே மீன் என்று அவர் எடுத்துச் சொல்லாவிட்டால் யாரும் புள்ளி எண்ணப் போவதில்லை. ஏகோனுக்குக் கட்டையைப் பற்றித் தெரியாது, யானிக்கேயும் பேசுகிற ஆள் இல்லை. இதெல்லாம் இங்வேக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தோன்றிய தேதியோடு எழுதிவைத்தார்.

பதினான்காம் தேதி கொட்டகையில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். இங்வே எழுந்து நின்று முதலில் தன் பலகையைத் தூக்கிக் காட்டினார். கட்டையைக் காட்டினார். மூன்றைக் காட்டினார். நாற்பத்தொரு மீன்களின் புதிய எண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. படித்து முடித்ததும், "இன்னொன்னு சொல்லணும்" என்றார். "யானிக்கே என் படத்தத் திருடிட்டான்னு நினைச்சேன். ஆதாரம் தேடினேன். அவ பலகை சரி, அவ நேரம் சரி, அவ மீனு சரி."

"டிராமையும் சொல்லு" என்று பின்வரிசையிலிருந்து யானிக்கேயின் குரல் வந்தது.

"டிராம்லயும் போனேன். மூணு நாள்."

"டிக்கெட் எடுத்தாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எடுத்தாரு" என்றாள் யானிக்கே. "அத நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

சிரிப்பு அடங்கியதும் ஏகோன் மெல்ல எழுந்தார். "அப்போ 2022ல மூணாவது நீ இல்ல, நான்."

"ஆமா. அரை சென்டிமீட்டர்ல."

"மூணாவது பரிசு அந்த மரக்கரண்டி எங்க?"

"என் சமையலறையில. சூப்பு கிண்டுறோம்."

"கழுவிக் கொண்டா."

வேறு ஒருவரை அளவராகப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். யாரைப் போடுவது என்றபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த வேலையை யாரும் விரும்பியதில்லை. கடைசியில், அளப்பது இங்வே, இங்வேயை அளப்பது யானிக்கே என்று முடிவாயிற்று.

சுவர்ப் பலகையை இங்வேயே இறக்கி வண்ணம் பூசி மறுபடி எழுதினார். முதல் வரி: 110.5, யானிக்கே ரூஸ். இரண்டாவது வரி: 109.5, இங்வே சாண்டால். எழுத்து இரண்டும் ஒரே உயரம், அளந்துதான் எழுதினார். கீழே சின்னதாக 'இரண்டும் ஒரே மீன்' என்று சேர்த்தார்.

மறு வருடம் ஏப்ரல் 6ஆம் தேதி எல்லோரும் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் முதல் பலகை இங்வேயுடையது. கட்டையை இப்போது விளிம்புக்கு வெளியே ஓர் இரும்புப் பட்டையில் பொருத்தியிருந்தார். பூஜ்யம் பளிச்சென்று தெரிந்தது. யானிக்கே டேப்பைக் கட்டையில் வைத்து நூறுவரை இழுத்துப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"சரியா?" என்று கேட்டார் இங்வே.

மறுபடியும் மூச்சை இழுத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு."

"சரியா இருக்கு."

இங்வே டேப்பின் நுனியைக் குனிந்து பார்த்தார். "கொக்கியிலேருந்து அளந்த. இன்னொரு தடவ அள" என்றார்.